படித்த பள்ளியும் கிடைக்கும் இடமும்

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் அரசுப் பள்ளி மாணவி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தாள் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அவள் ஊரில் இருப்பது நடுநிலைப் பள்ளி. அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. மேல்நிலைக் கல்விக்கு ஒன்றியத் தலைமையிடத்துக்குப் பேருந்து ஏறியாக வேண்டும். ஆக மூன்று பள்ளிகள், மூன்று தலைமையாசிரியர்கள், மூன்று முத்திரைகள். ஏழாண்டுப் படிப்பும் அரசுப் பள்ளியிலேயே நிகழ்ந்தது என்று அத்தாள்கள் மெய்ப்பித்தால்தான் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டில் அவள் பெயர் ஏறும். வீட்டுக்கு அருகில் இருந்ததென்று இடையில் ஓராண்டு அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தால் ஏறாது.

எந்தப் பள்ளியில் படித்தாய் என்ற வினாவுக்கு இந்நாட்டில் விடை எப்போதும் இருந்தது. அவ்விடை உயர்கல்வியின் வாயிலில் என்ன விலை பெறும் என்பதையும் யாவரும் அறிவர். அதை அரசே சட்டத்தில் எழுதியது 2020-ஆம் ஆண்டில்தான். நீதிபதி கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 10 விழுக்காடு பரிந்துரைத்தது. அமைச்சரவை அதனை 7.5 ஆகக் குறைத்தது. செப்டம்பர் 15-இல் பேரவை ஒருமனதாக நிறைவேற்றிய அச்சட்டமுன்வரைவு ஆளுநர் மாளிகையில் ஒன்றரை மாதம் உறங்கிற்று. பொறுமையிழந்த அரசு அக்டோபர் 29-இல் ஆணையாகவே வெளியிட, மறுநாள் ஆளுநரின் ஒப்புதல் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மருத்துவப் படிப்பில் இடம்பெற்ற அரசுப் பள்ளி மாணாக்கர் ஆறே பேர் என்பது அரசு தானே சொன்ன கணக்கு. சட்டம் வந்த ஆண்டில் அவர்க்கென ஒதுங்கியவை 313 மருத்துவ இடங்களும் 92 பல் மருத்துவ இடங்களுமாக 405. ஆறு என்பது நானூற்றைந்து ஆவதற்குப் பிள்ளைகளின் அறிவு ஓராண்டில் பெருகிவிடவில்லை. யாரோடு யார் ஓடவேண்டும் என்ற ஏற்பாடு மட்டுமே மாறிற்று. சட்டத்தின் நியாயத்துக்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டு நவம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த கலந்தாய்வையும் மறத்தலாகாது. தரவரிசையில் பெயர் வந்து, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடமும் கைக்கெட்டிய நிலையில், கட்டணம் கட்ட வழியில்லை என்று சிலர் அவ்விடத்தை வேண்டாமென எழுதிக் கொடுத்து வெளியேறினர். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அவர்கள் ஊர் திரும்பிய பின்னர் வந்தது. எழுதிக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. இட ஒதுக்கீட்டைச் சிந்தித்த அதிகாரிகள், ஒதுக்கப்படும் பிள்ளையின் தந்தை கூலித் தொழிலாளி என்பதைச் சிந்திக்கவில்லை. பின்வந்த ஆட்சி 2021-இல் நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைப்படி இதே 7.5 விழுக்காட்டைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கு விரித்தபோது, கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பென்று தொடக்கத்திலேயே அறிவித்தது. ஒருமுறை பட்டது வீண்போகவில்லை.

கேடு யாவும் மருத்துவச் சேர்க்கைக்கான அகில இந்திய நீட் தேர்வோடு வந்தது என்று பேசுவது மேடைக்கு இனிக்கும். மெய் அத்துணை எளிதன்று. 1984-இல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது; 2006-இன் சட்டம் அதனை நீக்கிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே அடிப்படையாக்கிற்று. அவ்வேற்பாட்டில் ஊர்ப்புறப் பிள்ளைகள் பயன்பெற்றனர் என்பது உண்மை. ஆயினும் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரி சென்றவர் அப்போதும் ஆண்டுக்குச் சில பத்துப் பேரைத் தாண்டியதில்லை. பெரும்பகுதி இடங்களை அள்ளியவை நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள். பதினோராம் வகுப்புப் பாடநூலைத் திறவாமலே வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டும் திரும்பத் திரும்ப எழுத வைத்து, விடியற்காலை எழுப்பி நள்ளிரவு படுக்கவிட்டு, நூற்றுக்கு நூறு வார்த்தெடுத்த அவற்றுக்கு மக்களே பிராய்லர் பள்ளிகள் என்று பெயரிட்டனர். கோழிப் பண்ணைக்குப் பேர்போன வட்டாரம், பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கும் விலைக்கு விற்கப்பட்டது மதிப்பெண்தான். ஈராண்டுக் கட்டணம் கட்ட இயன்றவன் வாங்கினான்.

2017-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்ததும், தரவரிசை அறிவிப்பு நின்றதும், மொத்த மதிப்பெண் 1200-இலிருந்து 600 ஆனதும் அச்சந்தையை அடக்க எடுத்த நடவடிக்கைகள். அடுத்த ஆண்டே உயர்கல்விச் சேர்க்கைக்குப் பதினோராம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் வாராது என்று அரசு பின்வாங்கிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அப்பொதுத் தேர்வையே நீக்கிவிட்டது. மாணாக்கரின் மன அழுத்தம் குறையும் என்பது சொல்லப்படும் காரணம். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பொறியியற் சேர்க்கை இன்றும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையே நம்பி நிற்கிறது. பழைய பண்ணைகள் பூட்டைத் திறந்து ஈராண்டுப் பாடத்தை மீண்டும் ஓராண்டுப் பாடமாக்கினால் தடுப்பது யார் என்பதற்கு அக்கொள்கையில் விடை இல்லை.

நீட் இந்தச் சந்தையைக் குலைக்கவில்லை, இடம் மாற்றிற்று. விற்பனை பள்ளியிலிருந்து பயிற்சி மையத்துக்குப் போயிற்று. 2017-இல் மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் மாநிலப் பாடத்திட்ட மாணாக்கர்க்கு 85 விழுக்காடு என்று அரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் சில வாரங்களிலேயே செல்லாதாக்கியது. நீட்டின் விளைவை ஆராய்ந்து 2021-இல் அறிக்கை அளித்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு காட்டிய மாற்றங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. நீட்டுக்கு முன்னர் மருத்துவ இடம் பெற்றோரில் ஏறத்தாழ எட்டில் ஒருவரே மறுமுறை முயன்றவர். 2020–21-இல் பத்தில் எழுவர். பள்ளி முடித்த பின் ஓராண்டோ ஈராண்டோ வேறு வேலையின்றித் தேர்வுக்கே உட்கார வேண்டும் என்பதே இதன் பொருள். அந்த ஓராண்டுக்கு மையத்தின் கட்டணம் மட்டும் செலவன்று. வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் கூலியும் செலவு. பெண்ணாயின், இன்னும் எத்தனை ஆண்டு என்று கேட்கும் உறவினரின் வாயும் செலவுதான். அரசு 2017-க்குப் பின் ஒன்றியத்துக்கு ஒன்றென 412 பயிற்சி மையங்களைத் திட்டமிட்டது. வார இறுதி வகுப்பு, கற்பிக்க அதே அரசுப் பள்ளி ஆசிரியர், செயற்கைக்கோள் வழி ஒளிபரப்பு. ஓராண்டு முழுதும் நாளுக்குப் பத்து மணி பயில்வோனுக்கு இது ஈடாகுமென அரசும் நம்பியிராது.

எவரை ஒரு பிரிவாகக் கொள்வது, எவரை வெளியே நிறுத்துவது என்ற இடத்தில் பிழை நேர்ந்தால் அதன் விலை எவ்வளவு என்பதைத் தமிழர் நன்கறிவர். இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தரப்படுத்தல் வந்தபோது, பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியோர் 250 மதிப்பெண் பெறவேண்டும். சிங்களமொழி மூலம் எழுதியோர்க்கு 227 போதும். மருத்துவத்துக்கு 250-உம் 229-உம். பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்குவதாகச் சொல்லி மொழியை அளவாகக் கொண்டது அவ்வேற்பாடு. கிளிநொச்சியின் ஓலைக்கொட்டகைப் பள்ளியில் தமிழில் படித்தவனும் அதில் முன்னேறியவன். கொழும்பின் பெரும்பள்ளியில் சிங்களத்தில் படித்தவனும் அதில் பின்தங்கியவன். 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தபின் மன்னார், வவுனியா போன்ற இடங்களின் பிள்ளைகளுக்குச் சிறிது வழி பிறந்தது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். யாழ்ப்பாண இளைஞர் நெஞ்சில் தரப்படுத்தல் மூட்டிய தீயின் வரலாறு யாவரும் அறிந்தது. இழப்பை அளக்காமல் அடையாளத்தை அளந்ததே அங்கு நேர்ந்த கொடுமை. மாவட்ட முறை இன்றும் அங்கே நிற்கிறது. குறைந்த வெட்டுப்புள்ளியுள்ள மாவட்டத்துக்குக் கடைசி நேரத்தில் பெயர்ந்து தேர்வெழுதுவோரைத் தடுக்க, அவ்விடத்துப் பள்ளியில் சில ஆண்டுகள் தொடர்ந்து படித்திருக்க வேண்டும் என்ற விதியும் உடன் நிற்கிறது. நம் சட்டத்தின் ஆறு முதல் பன்னிரண்டு என்ற விதியும் அதே அச்சத்தில் பிறந்தது. அவ்வச்சம் நியாயமானதே.

நியாயமற்றது வேறொன்று. தமிழ்நாட்டின் அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர்க்கு ஊதியம் கொடுப்பது அரசு. பாடநூல், சீருடை, மிதிவண்டி யாவும் அரசுடையன. தென்மாவட்டங்களில் பல ஊர்களுக்கு நூறாண்டுகளாக அதுவே ஊர்ப்பள்ளி. அரசுப் பள்ளி அங்கே திறக்கப்படவே இல்லை. அங்குப் படிக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளையும் தீப்பெட்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எதில் மேம்பட்டவர்? சட்டம் அவர்களை ஏற்கவில்லை. 2022 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், அவர்களையும் சேர்க்க வேண்டுமென்ற கோரிக்கையை ஏற்க மறுத்தது. பிரிவின் எல்லையை வகுப்பது சட்டமன்றத்தின் உரிமை என்ற அளவில் தீர்ப்பில் நாம் குறைகாண வரவில்லை. குறை அரசினிடத்தில். காலை உணவுத் திட்டத்தை 2024-இல் ஊர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரித்தபோதும், புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை அப்பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியர்க்கு அதே ஆண்டில் நீட்டியபோதும், அவர்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஒத்தவரே என்று அரசு தன் கையாலேயே எழுதிற்று. பசிக்கும் உதவித்தொகைக்கும் ஒத்தவர், மருத்துவ இடத்துக்கு ஒவ்வாதவர் ஆனது எங்ஙனம்?

உள்ஒதுக்கீட்டுக்குள்ளேயே வளர்ந்துவரும் மற்றொரு வேறுபாடு இதனினும் ஆழமானது. ஆனால் இதைப் பேசுவார் குறைவு. அரசுப் பள்ளி என்பது இன்று ஒரே பொருளைக் குறிப்பதன்று. மாவட்டந்தோறும் உறைவிட மாதிரிப் பள்ளிகள் எழுந்துள்ளன. மற்றப் பள்ளிகளில் சிறந்து விளங்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அங்கே சேர்க்கின்றனர். தனிப் பயிற்சி, நல்ல ஆசிரியர், நூலகம், இணையம் எல்லாம் உண்டு. அங்கிருந்து ஐ.ஐ.டி.க்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் பிள்ளைகள் போவது மகிழ்ச்சிக்குரியதே; அப்படிப் போவோரின் செலவு முழுவதையும் ஏற்போம் என்ற 2022 வரவுசெலவு அறிவிப்பும் பாராட்டுக்குரியது. மறுபக்கம், மலையடிவாரத்து மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள். பணியிட மாறுதல் கலந்தாய்வு முடிந்ததும் இயற்பியல் முதுகலை ஆசிரியர் நகரத்துக்குப் போய்விடுகிறார். அப்பணியிடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியே, அரைச் சம்பளத்துக்கும் குறைவான தொகுப்பூதியத்தில், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண் ஒருவர் வந்து பாடம் நடத்துகிறார். அவரும் வேறு வேலை கிடைத்தால் ஜனவரியில் போய்விடுவார். உயிரியல்–கணிதப் பிரிவு பெயர்ப்பலகையில் இருக்கிறது. ஆய்வகத்து அலமாரியின் சாவி யாரிடம் என்று கேட்டால் தலைமையாசிரியர் சிறிது யோசிக்கிறார். அப்பள்ளியில் முதல் மாணவனாய் இருந்தவனைத்தான் பத்தாம் வகுப்போடு மாதிரிப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டார்கள்.

மாதிரிப் பள்ளி மாணவனும் இந்த மலையடிவார மாணவியும் 7.5 விழுக்காட்டுக்குள் ஒரே வரிசையில், ஒரே நீட் மதிப்பெண்ணால் அளக்கப்படுகின்றனர். அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் இடையே அளவுகோல் ஒன்றாயிருப்பது அநீதி என்று சொல்லிச் சட்டம் செய்தவர்கள், அரசுப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் இடையே அதே அளவுகோலை வைத்துவிட்டு அமைதி கொள்கின்றனர். மறுமுறை எழுதுவோரும் இதே வரிசையில் உள்ளனர். அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் கடைப்பட்ட பள்ளியிலிருந்து முதன்முறை எழுதுகிறவள் இவர்கள் அனைவரையும் கடந்தாக வேண்டும்.

அமெரிக்கநாட்டின் டெக்சாஸ் மாநிலம் இவ்விடுக்கணுக்கு வேறொரு விடை கண்டது. சேர்க்கையில் இனத்தைக் கருதலாகாது என்று 1996-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அம்மாநிலச் சட்டமன்றம், ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் தன் வகுப்பின் முதற் பத்து விழுக்காட்டில் வருவோர்க்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று சட்டமியற்றிற்று. பொதுத் தேர்வு மதிப்பெண் அங்கே கணக்கில் கொள்ளப்படவில்லை. மெக்சிக எல்லையோரத்து ஏழைப் பள்ளியின் முதல்வரிசை மாணவனும் டாலஸ் புறநகரின் செல்வர் பள்ளி மாணவனும் அவரவர் வகுப்பில்தான் ஒப்பிடப்பட்டனர். அதுவரை சில பத்துப் பள்ளிகளே ஆஸ்டின் பல்கலைக்கழகத்தின் பாதி இடங்களை நிரப்பி வந்தன; சட்டத்தின்பின் ஒருபோதும் அங்கே மாணவரை அனுப்பியிராத பள்ளிகளின் பெயர்கள் பட்டியலில் ஏறின. குறைகளும் தோன்றாமலில்லை. தரவரிசையில் முந்துவதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை எளிய பள்ளிக்கு மாற்றினர். நெருக்கடி பெருகவே 2009-இல் ஆஸ்டினுக்கு மட்டும் உச்சவரம்பு விதிக்கப்பட்டு, பத்து என்பது படிப்படியாகச் சுருங்கிற்று. எனினும் அடிப்படைக் கருத்து நிற்கிறது: கிடைத்த பள்ளியைக் கொண்டு ஒருவன் என்ன செய்தான் என்பதும் ஓர் அளவு, அதுவே நேர்மையான அளவும்கூட.

இதனைத் தமிழ்நாட்டில் செய்ய இயலாதா? மருத்துவத்தில் நீட் தேர்ச்சியையும் மதிப்பெண் வரிசையையும் தாண்ட முடியாது என்பது மெய். ஆயின் மாநிலங்கள் தனி நுழைவாயில் வகுக்கலாம் என்று அரசு மருத்துவர்களின் மேற்படிப்பு வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்ற அரசமைப்பு அமர்வு தெளிவாகச் சொல்லியுள்ளது, 7.5 விழுக்காடும் அத்தகைய நுழைவாயிலே. அதற்குள் ஒரு பகுதியை, பல்லாண்டாக ஒருவரையும் அனுப்பாத ஒன்றியங்களின் பள்ளிகளுக்கு முதலில் திறந்துவிடுவதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. பொறியியலில் அத்தடைகூட இல்லை. 1794-இல் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரியில் எவரைச் சேர்ப்பது என்பதை மாநிலச் சட்டமும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும்தான் தீர்மானிக்கின்றன. அங்குள்ள உள்ஒதுக்கீட்டு இடங்களில் பாதியை, அவரவர் பள்ளியின் முதல்மூவரில் ஒருவராய் வந்தோர்க்கு என்று வரையறுக்க ஒரு திருத்தம் போதும். சிறிய பள்ளி, பெரிய பள்ளி என்ற வேறுபாட்டால் சில சிக்கல்கள் வரும். கணக்கறிந்தோர் தீர்க்கக் கூடியவையே அவை.

தகுதி தாழும் என்ற பழைய கூக்குரல் எழத்தான் செய்யும். உரிய மதிப்பெண் இல்லாத எவரும் உள்ளே வரவில்லை. நீட் தேர்ச்சி யாவர்க்கும் பொது, கல்லூரியின் ஆண்டுத் தேர்வும் பல்கலைக்கழகத் தேர்வும் யாவர்க்கும் பொது. தகுதியைப் பற்றி இத்துணைக் கவலை கொள்வோர், தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டில் பணப்பெட்டியோடு வருவோரின் நீட் மதிப்பெண் என்ன என்று ஒருநாளும் வினவியதில்லை.

பக்கத்துப் புதுச்சேரி, அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 10 விழுக்காடு கொடுக்க 2020 முதல் முயன்று, மூன்றாண்டுக்குப் பின் 2023-இல் ஒன்றிய அரசின் இசைவைப் பெற்றது. அங்குள்ள ஜிப்மருக்கோ மதுரைக்கு வந்த எய்ம்ஸுக்கோ எந்த மாநிலத்தின் உள்ஒதுக்கீடும் செல்லாது. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 விழுக்காட்டுக்கும் செல்லாது. ஒன்றிய அரசின் கல்லூரிகளில் சாதி கேட்கப்படுகிறது, வருமானம் கேட்கப்படுகிறது. படித்த பள்ளி எத்தகையது என்பது சேர்க்கையில் கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டின் நீட் விலக்குச் சட்டமுன்வரைவை ஏறத்தாழ மூன்றாண்டு வைத்திருந்து மறுத்த புதுடில்லியிடம் இதற்கான முயற்சியை எதிர்பார்ப்பதற்கில்லை. நாடாளுமன்றத்தில் நம்மவர் கேட்டாக வேண்டும்.

2022 தீர்ப்பு இவ்வொதுக்கீட்டை ஐந்தாண்டுக்குள் மறுஆய்வு செய்யவும், இது தேவைப்படாத நிலைக்கு அரசுப் பள்ளிகளை உயர்த்தவும் அறிவுறுத்திற்று. அக்கெடு 2027 ஏப்ரலில் முடிகிறது. அன்று அரசு இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தனர் என்ற ஒற்றை எண்ணோடு போய் நிற்குமாயின் அது ஆய்வாகாது. 2020 முதல் இவ்வொதுக்கீட்டில் இடம்பெற்ற ஒவ்வொருவரும் எந்தப் பள்ளியில் படித்தார், அது மாதிரிப் பள்ளியா ஊர்ப்பள்ளியா, தமிழ்வழியா ஆங்கிலவழியா, எத்தனையாவது முறை தேர்வெழுதினார் என்ற விவரத்தைப் பெயர் நீக்கிப் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும். அதனோடு, இத்தனை ஆண்டுகளில் ஒருவரையும் அனுப்பாத ஒன்றியங்களின் பட்டியலையும், அவ்வொன்றியங்களின் மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியலுக்கும் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் நிலையான ஆசிரியர் எத்தனை மாதம் இல்லாதிருந்தார் என்ற கணக்கையும் இணைக்க வேண்டும். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு மாணாக்கரின் எண்ணும், ஒவ்வொரு பணியிடத்தின் நிலையும் ஏற்கெனவே பதிவாகியுள்ளன. பள்ளிக் கல்வித் துறையும் மருத்துவக் கல்வி இயக்ககமும் தத்தம் ஏடுகளை ஒருமுறை ஒத்துப்பார்த்தால் போதும். புதிய ஆணையம் எதுவும் வேண்டியதில்லை.